உப்பு சுமந்து மலை ஏறுகிறவர்களுக்கு

அன்று விடியற்காலை மலை அடிவாரத்தில் நின்றவர்கள் நான்கு பேர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற குப்பண்ணன். எங்கள் நடைக்கு அவர்தான் தலைவர். அவர் சம்சாரம் ராசாத்தியக்கா. எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் சரசு. நாலாவது நான், கோகிலா, சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறவள். என் வீட்டுக்காரர் வரவில்லை. அவர் சேலத்தில் வலது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அந்தக் காலுக்காகத்தான் நான் நின்றேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள் நான். புதிதாக நடக்க வருகிறவர்களுக்கு என்ன கொண்டுவர வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடு என்று குப்பண்ணன் கேட்டதால் எழுதுகிறேன். எழுத ஆரம்பித்த பிறகு, சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டியதாகிவிட்டது.

முதலில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு மலைமேல் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு நேரே ஏறினால் ஒரே நாளில் போய்விடலாம். எங்கள் கூட்டம் அப்படிப் போவதில்லை. மலையில் உள்ள ஊர்களைச் சுற்றி மூன்று நாள் நடந்து போகும். வீட்டில் யாருக்காவது ஆறாத புண், கட்டி, வீக்கம் என்றால் இரண்டு படி கல் உப்பை வேண்டிக்கொண்டு தலையில் வைத்துச் சுமப்பார்கள். கோயில் பக்கத்துப் பாறை ஓரம் அதைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால், உப்பு கரைவதுபோல நோயும் கரையும். உப்பைத் தன் வீட்டுப் படியால் அளக்க வேண்டும். வழியில் தரையில் வைக்கக் கூடாது. குறைந்தால் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஓசியில் வாங்கிய உப்பும் ஆகாது, கடனுக்கு வாங்கிய உப்பும் ஆகாது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். சர்க்கரை. கட்டைவிரலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று வேண்டிக்கொண்டேன். நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேருகிற நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு, எடுப்பதா வைப்பதா என்று சொல்வதாக டாக்டர் வரச் சொல்லியிருந்தார்.

இரண்டு படி உப்பு நான்கு கிலோ வரும். கேட்கும்போது சுலபமாக இருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் கழுத்து உள்ளே இறங்கிவிட்டதுபோல இருக்கும். சும்மாடு கட்டப் பழைய பருத்தி வேட்டித் துணிதான் நல்லது, டெரிகாட்டன் வழுக்கும். பையை நானே தைத்தேன். ஓரத்தை மூன்று தடவை அடித்தேன். பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று ஊசியும் நூலும் ரவிக்கையில் குத்திக்கொண்டேன். காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை, பாம்புக்கடிக்குப் போன் செய்ய வேண்டிய நம்பர் எழுதிய சீட்டு, இரண்டு டார்ச் லைட்டு. சரசு என் தோள்பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி, நடக்க வந்தியா, குடி மாறி வந்தியா?"

அவள் கேட்டது நியாயம்தான். நடக்க வருகிறவர்கள் பாதியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மாத்திரையை மட்டும் குறைக்காதீர்கள்.

புதுச் செருப்பு போடாதீர்கள். பழகின செருப்பு, விளக்கெண்ணெய் ஒரு சின்ன பாட்டில், கால் விரல்களுக்கு இடையில் சுற்றப் பருத்தித் துணி நாடா. நகத்தை மூன்று நாளுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். புறப்படுகிற அன்று வெட்டினால் இறக்கத்தில் ஓரம் குத்தும். ராசாத்தியக்கா அன்று காலைதான் வெட்டினாள். சாயந்திரம் அவள் நடந்த நடையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இன்னும் எவ்வளவு தூரம் என்று மலைக்காரர்களிடம் கேட்காதீர்கள். முதல் நாள் மதியம் மாரமங்கலம் பக்கம் மிளகு மூட்டையோடு எதிரே வந்தவரிடம் கேட்டேன்.

"இதோ, அந்த வளைவு தாண்டினா ஊர்தானுங்க."

வளைவு தாண்டினோம். இன்னொரு வளைவு. அங்கே ஒரு அம்மாள் விறகு கட்டிக்கொண்டிருந்தாள். "பக்கந்தானுங்க. ஒரு வெத்தலை போடற நேரம்" என்றாள். சரசு நிஜமாகவே வெற்றிலை போட்டுக்கொண்டாள். மூன்று தடவை போட்டு முடித்த பிறகுதான் ஊர் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய காலுக்கு அது பக்கம்தான்.

அன்று இரவு ஒரு சின்னக் கோயில் மண்டபத்தில் படுத்தோம். உப்புப் பைகளைத் தூணில் இருந்த ஆணிகளில் தொங்கவிட்டோம். சேலத்தில் அந்நேரம் காத்தாடிக்குக் கீழேயே வேர்த்துக் கொட்டும். இங்கே போர்வைக்குள் பல் தந்தி அடித்தது. ஆணி தாங்குமா என்று இரண்டு தடவை எழுந்து தொட்டுப் பார்த்தேன். தாங்கியது.

இரண்டாம் நாள் முழுக்கக் காப்பித் தோட்டம். நிழல் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பாதையில் பழுத்த இலை ஈரமாகக் கிடக்கும், கால் வழுக்கும். ஊன்ற ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எஸ்டேட் வாசலில் அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் எங்களை நிறுத்தினார். மழைத் தொப்பி போட்ட மெலிந்த மனிதர்.

"ஏனுங்க, இது எஸ்டேட் வழிங்க. வெளியாளுங்க போகக் கூடாதுங்க."

குப்பண்ணன் தலையில் இருந்த பையைக் காட்டினார்.

"சாமிக்குங்களா? அப்பச் சரி, போங்க. வலது கையோரம் போங்க. இடது பக்கத்துல காட்டெருமை ஒண்ணு காலையிலிருந்து நிக்குது."

அதற்குப் பிறகு நான் இடது பக்கம் திரும்பவே இல்லை. கழுத்து பிடித்துக்கொண்டது. காட்டெருமையை நாங்கள் பார்க்கவில்லை. சரசுவுக்கு அதில் வருத்தம்.

அந்தத் தோட்டத்தில்தான் சரசுவின் கெண்டைக்காலில் அட்டை ஏறியது. கத்தினாள். "கொஞ்சூண்டு உப்பு குடுடி, போட்டா உழுந்துரும்!"

"வேண்டுதல் உப்பு சரசு. எடுக்கக் கூடாது."

"ஒரு கல்லு குடுடி. சாமி எண்ணியா பாக்கப் போறாரு?"

நான் கொடுக்கவில்லை. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தடவி ராசாத்தியக்கா எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்கவில்லை. சரசு அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அந்த மூன்று நாளில் அந்த அரை மணி நேரம்தான். தனியாக ஒரு பொட்டலம் சமையல் உப்பு கொண்டுவாருங்கள், அட்டைக்கு ஆகும். இது நான் அன்று கற்றுக்கொண்டது.

நாகலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. குப்பண்ணன் வருடா வருடம் தங்குகிற வீடு ஒன்று அங்கே உண்டு. செவந்தி என்று ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும். முன் அறையில் ஒரு சின்ன மளிகைக் கடை, பின்னால் வீடு. கணவர் எஸ்டேட் வேலைக்குப் போனவர் இன்னும் வரவில்லை.

"வாங்கண்ணா, வாங்கக்கா. ஏனுங்கக்கா இப்படி வெளுத்துப் போயிட்டீங்க? உக்காருங்க, கால நீட்டுங்க."

வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தாள். அவர்கள் தோட்டத்துக் கொட்டையை அவளே வறுத்து இடித்ததாம். எங்கள் ஊர்க் காப்பியில் பாலும் சிக்கரியும்தான் தெரியும். இதில் காப்பி தெரிந்தது. பிறகு சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. காசு என்று பேச்செடுத்தால் கோபித்துக்கொள்வாள் என்று குப்பண்ணன் முன்பே சொல்லியிருந்தார். நீங்கள் போகும்போது ஊரிலிருந்து முறுக்கோ பூவோ கொண்டுபோய்க் கொடுங்கள். அதை வாங்கிக்கொள்வாள்.

சாப்பிடுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. செவந்தி எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "உப்பையெல்லாம் உள்ள கொண்டாங்கக்கா. அடுப்புக்கு மேல வெட்டத்துல தொங்க விட்டுரலாம். எங்க ஊட்டு உப்பும் அங்கதான் இருக்குது. பொகையில காஞ்சு கெடக்கும்" என்றாள். வெட்டம் என்றால் கூரைக்குக் கீழே குறுக்கே ஓடும் மரம். மற்ற மூவரும் கொடுத்துவிட்டார்கள்.

நான் கொடுக்கவில்லை.

ஏன் என்பதை இப்போது எழுதுகிறேன். அடுப்புக்கு மேலே தொங்குகிறது. சமைக்கிறவள் அவள். அவசரத்துக்குக் கை எந்தப் பையில் போகும் என்று யார் கண்டது? ஒரு கைப்பிடி குறைந்தால் வேண்டுதல் குறைந்ததுதானே? என் வீட்டுக்காரரின் கட்டைவிரல்தான் கண்ணுக்குள் நின்றது. எங்களுக்குச் சோறு போட அரிசி களைந்துகொண்டிருந்தவளைப் பற்றி அப்படி நினைத்தேன்.

"இல்ல செவந்தி, வெளியவே காத்தாட இருக்கட்டும்" என்றேன்.

"வெளிய பனி இறங்கும்ங்கக்கா. மழ வந்தாலும் வரும்."

"வானம் வெளுப்பா இருக்குதே."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிங்கக்கா" என்று உள்ளே போய்விட்டாள். தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே ஒரு கொக்கியில் என் பையைத் தொங்கவிட்டேன். யாரும் பக்கத்தில் வந்தால் எனக்குத் தெரியும்படி வாசலை ஒட்டிப் படுக்க இடம் பிடித்தேன். படுத்ததுதான் தெரியும். அவ்வளவு அசதி. மழை வந்தது தெரியாது.

காலையில் பை பாதியாக இருந்தது. ஓட்டுச் சந்து வழியாகச் சொட்டின தண்ணீர் நேராகப் பைக்குள் இறங்கியிருக்கிறது. மூன்று தடவை அடித்த ஓரம் பிரியவில்லை. துணி வழியாகத்தான் உப்பு போய்விட்டது. கீழே மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைச் சுற்றி எறும்புகூட வரவில்லை.

சாமி வாசலில் கரைய வேண்டியது இங்கே கரைந்துவிட்டது. அப்படியானால் அங்கே சேலத்தில் கால்?

குப்பண்ணனும் மற்றவர்களும் முகம் கழுவிவிட்டுப் பையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உப்பு பொரித்ததுபோலக் காய்ந்து, கலகலவென்று சத்தம் போட்டது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், ஏன் உள்ளே வைக்கவில்லை என்று கேட்பார்கள். நீங்கள் முன்னால் போங்கள், வயிறு சரியில்லை, பின்னாலேயே வருகிறேன் என்றேன்.

"உனக்கு வயிறு என்னிக்குச் சரியா இருந்துச்சு?" என்று சரசு போய்விட்டாள்.

செவந்தி கடையைத் திறந்துகொண்டிருந்தாள். என் பையைப் பார்த்தாள். தாழ்வாரத்து ஓட்டைப் பார்த்தாள். நானாகத்தான் கேட்டேன்.

"கல் உப்பு இருக்குதா செவந்தி? ரெண்டு கிலோ வேணும்."

"இருக்குதுங்கக்கா. மூட்டையே கெடக்குது. இங்க உப்புக்கு என்ன பஞ்சம்?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். என் காதுதான் சுட்டது. இரண்டு பாக்கெட்டை எடுத்து என் கையில் தராமல் கல்லாப் பெட்டி மேல் வைத்தாள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அங்கேயும் ஒரு எண்ணம் உண்டு.

"நாப்பத்தி நாலு ரூவாங்கக்கா."

என்னிடம் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள். அவள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். காலை நேரம், சில்லறை இல்லை. போனில் போடலாம் என்றால் என் போனில் டவர் ஒரு கோடுகூட இல்லை.

"தாள வெச்சுட்டுப் போங்கக்கா. எட்டு மணிக்குப் பால்காரரு வந்தா மாத்தி வெக்கறன். திரும்ப வரையில மிச்சத்த வாங்கிக்கலாம்."

திரும்பி இந்த வழியாக வரமாட்டோம். கோயிலில் இருந்து நேராக ஏற்காடு போய் சேலத்துப் பஸ் பிடிப்போம். வழியில் ஏதாவது ஆனால் கையில் இருக்கும் பணம் அந்தத் தாள் ஒன்றுதான். நான் தாளை மடித்து மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டேன். எனக்கே தெரிந்தது, அவளை நம்பாமல் போவது இது இரண்டாவது தடவை.

"அப்ப எடுத்துட்டுப் போங்கக்கா, எப்பவாச்சும் வரையில குடுங்க. அண்ணனுக்கு எப்படி இருக்குது காலு?"

அவர் புண்ணைப் பற்றி இரவு சாப்பிடும்போது சொல்லியிருந்தேன். விரலை எடுப்பதா என்று நாளைக் காலை சொல்வார்கள் என்றேன்.

"எடுக்க மாட்டாங்க. போங்க, வெயில் ஏறுது" என்றாள்.

பாக்கெட்டைக் கிழித்து என் பையில் கொட்டினேன். பழைய உப்பு ஈரம், புது உப்பு காய்ந்தது. மேலே வெள்ளையாக வேறு நிறத்தில் தெரிந்தது. கையை விட்டுக் கலக்கினேன்.

அன்றைய நடையைப் பற்றி உங்களுக்கு உபயோகமாக எதுவும் என்னால் சொல்ல முடியாது. கால் எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஈரத் துணியிலிருந்து உப்புத் தண்ணீர் பிடரியில் இறங்கி, சும்மாடு உரசிப் புண்ணான இடத்தில் பட்டு எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். ஒன்று மட்டும்: கோயில் தெரிய ஆரம்பித்ததும் செருப்பைக் கழற்றிவிடுவது வழக்கம். அந்தக் கடைசித் தூரத்தில் பாறைச் சரளை அதிகம். மெதுவாகப் போங்கள். அங்கே யாரும் உங்களை முந்தப் போவதில்லை.

மேலே கூட்டமான கூட்டம். காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். பாறை ஓரம் குப்பண்ணன் நின்றுகொண்டு, வழக்கப்படி ஒவ்வொருவரையும் கேட்டார். டிக்கெட் கேட்கிற அதே குரல்.

"ராசாத்தி, சொந்த உப்புதானே?"

"உங்க கையாலதானே அளந்தீங்க?"

"சரசு?"

"என்ற ஊட்டு உப்புதாண்ணா. ஒரு கல்லு கூடக் குறையல. அட்ட கடிச்சப்பக்கூட எடுக்கல."

"கோகிலா, சொந்த உப்புதானேம்மா? ஓசி, கடன் இல்லியே?"

"சொந்த உப்புதாண்ணா."

கொட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். ஈர உப்புதான் முதலில் கரைந்தது. செவந்தி கடை உப்பு கொஞ்ச நேரம் பாறையில் நின்று, அப்புறம்தான் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏற்காட்டுக்கு இறங்கியபோது மணி நாலு. நாகலூருக்குப் பஸ் ஒன்று புறப்பட நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறிப் போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வந்தால் சேலத்துக்கு அன்று பஸ் கிடைக்குமா என்று தெரியாது. காலை பத்து மணிக்கு டாக்டர். நின்று பார்த்தேன். நாகலூர் பஸ் போய்விட்டது. ஒரு டீ குடித்தேன், தாள் மாறியது. நாற்பத்து நாலு ரூபாயை எண்ணித் தனியாக ஒரு துணியில் முடிந்து வைத்தேன். முடிந்து வைத்து என்ன?

சேலத்துப் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் யாராவது ஜன்னல் பக்கம் எட்டினார்கள். என் வாந்தி மாத்திரைகள் அன்றுதான் செலவாயின; முன் பின் தெரியாத ஆறு பேர் வாங்கிக்கொண்டார்கள். குப்பண்ணன் பழக்க தோஷத்தில், "உள்ள போங்க, உள்ள எடம் இருக்குது, படியில நிக்காதீங்க" என்று கத்தினார். நிஜக் கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, டிக்கெட்டும் நீங்களே போட்டுருங்க" என்று பையை நீட்டினார். பஸ்ஸே சிரித்தது. ஏழாவது வளைவில் பிரேக் சூடாகி வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. இறங்கும் பயணத்துக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஏறும்போது மட்டும்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் காலை டாக்டர் கட்டைப் பிரித்தார். அழுத்திப் பார்த்தார். வாசம் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காஞ்சு வருது. எடுக்க வேண்டாம். கட்டு மட்டும் தொடர்ந்து போடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "என்ன, உன் உப்பு வேல செஞ்சுருச்சா?" என்று சிரித்தார். அப்போதுதான் அவரிடம் சொன்னேன். பை, ஓடு, மழை, பாக்கெட், குப்பண்ணனிடம் சொன்ன பொய், எல்லாம். கேட்டுக்கொண்டே நொண்டி நொண்டி ஆட்டோ வரைக்கும் நடந்தார்.

"நாப்பத்தி நாலு ரூவாய்க்கு இத்தனையா? யாராவது அந்தப் பக்கம் போனா குடுத்து உட்டாப் போச்சு."

காசு அப்படிப் போய்ச் சேர்ந்துவிடும். தாழ்வாரத்தில் அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு யாரிடம் என்ன கொடுத்து அனுப்புவது? செவந்தியின் போன் நம்பர் எங்கள் கூட்டத்தில் யாரிடமும் இல்லை. தேவைப்பட்டதில்லை, வருடா வருடம் நேரில்தான் போய் நிற்கிறோம். இந்த மழைக்காலம் முடிந்ததும் போகலாம் என்று இருக்கிறேன். அவர் கால் முழுக்க ஆறட்டும் என்று ஒரு யோசனை, அதற்குள் அவள் கடையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் என்ற பயம், இரண்டும் மாறி மாறி வருகிறது.

குப்பண்ணா, நீங்கள்தான் இதை முதலில் படிப்பீர்கள். என் பதிலைத் திருத்திக்கொள்ளுங்கள். பாதிதான் சொந்த உப்பு.

நடக்க வருகிற மற்றவர்களுக்கு: செவந்தி உப்பை உள்ளே கொண்டுவரச் சொல்வாள். கொடுத்துவிடுங்கள். அடுப்புக்கு மேலே பத்திரமாக இருக்கும். எனக்காக யாரும் அவளிடம் காசு கொடுக்க வேண்டாம், நானே போகிறேன்.

கொடுக்க வேண்டியது நாற்பத்து நான்கு ரூபாய்.